தெரிஞ்ச வெர்ப் தான், ஆனா அர்த்தம் மட்டும் புரியல: இங்கிலீஷோட சின்ன வெர்ப்களை சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

"ஐ காண்ட் ஸ்டாண்ட் ஹிம்." நாலே வார்த்தை, நாலும் ஒன்னாங்கிளாஸ் வார்த்தை, ஆனா புதுசா படிக்கிறவங்க மனசுல "என்னால அவனை நிக்க முடியல"ன்னு தான் ஓடும். விஷயம் என்னன்னா அவனைக் கண்டாலே ஆகாதுன்னு சொல்றாங்க. இன்னொன்னு பாருங்க: "தி கமிட்டி டிக்லைன்ட் டு என்டர்டெய்ன் தி அப்பீல்". அப்பீலை சந்தோஷப்படுத்த கமிட்டி மறுத்துட்டாங்களா? இல்ல, அதை பரிசீலனைக்கே எடுத்துக்கலன்னு அர்த்தம்.

பெரிய வார்த்தையால இந்த மாதிரி தொல்லை வர்றதில்ல, ஏன்னா தெரியலன்னு தெரியும், டிக்ஷனரி பாத்துடுவோம். ஸ்டாண்ட், கீப், ஃபைண்ட், டெல், மீட் இதுக்கெல்லாம் யாரு டிக்ஷனரி எடுக்கப் போறா? அங்க தான் மாட்டிக்கிறோம். அதனால இந்த வழிகாட்டில அர்த்த லிஸ்ட் எதுவும் மனப்பாடம் பண்ணச் சொல்லப் போறதில்ல. வெர்பையே முறைச்சுப் பாக்காம அதுக்குப் பக்கத்துல என்ன உக்காந்திருக்குன்னு பாக்கப் பழகணும், அவ்ளோ தான். முக்கால்வாசி அங்கயே புரிஞ்சிடும்.

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டமும் இல்ல. சாமுவேல் ஜான்சன் 1755-ல இங்கிலீஷ் டிக்ஷனரி போட்டப்ப அதோட முன்னுரையிலயே இந்த வெர்ப்களைப் பத்தி புலம்பியிருக்கார், பேர் (தாங்குறது, சுமக்குறது), பிரேக், கம், கெட், கிவ், டூ, புட், செட், கோ, ரன், மேக், டேக், டர்ன்னு ஒரு பட்டியலே குடுத்து, இதுங்களோட அர்த்தம் ரொம்ப தளர்வா இருக்கு, ஆரம்ப அர்த்தத்துல இருந்து எங்கெங்கயோ போயிடுது, தொடர்ந்து பிடிக்க முடியலன்னு. 1989-ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு பெரிய டிக்ஷனரியோட ரெண்டாம் பதிப்புல "செட்"டுங்கிற வெர்புக்கு மட்டும் 400-க்கு மேல அர்த்தம், இப்ப புதுப்பிச்சிட்டு இருக்கிற பதிப்புல "ரன்" அதையும் தாண்டி 600-க்கு மேல போயிடுச்சு. ஜார்ஜ் ஜிப்ஃப்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1945-லயே ஒரு கட்டுரைல காட்டினது இது தான்: ஒரு வார்த்தை எவ்ளோ அதிகமா புழங்குதோ அவ்ளோ அதிகமா அதுக்கு அர்த்தம் சேரும்.

நம்ம "அடி" என்ன பண்ணுது? வெயில் அடிக்குது, போன் அடிக்குது, பெயின்ட் அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், லாட்டரி அடிக்குது. யாரும் குழம்புறதில்ல, ஏன்னா "வெயில்"னு காதுல விழுந்த உடனே எந்த அடின்னு முடிவாயிடுது. இங்கிலீஷ்லயும் அதே வேலைய தான் செய்யப் போறோம், தெரிஞ்சே, படிப்படியா.

முதல் படி: சந்தேகப்படக் கத்துக்கோங்க

எல்லா வார்த்தையும் தெரியுது ஆனா சென்டென்ஸ் அபத்தமா இருக்குன்னா தப்பு உங்க கிராமர்ல இல்ல, வெர்ப்ல வேற அர்த்தம் ஒளிஞ்சிருக்குன்னு எடுத்துக்கோங்க. அபத்தமா இருந்தா கூட பரவால்ல, உஷாராயிடுவோம். அரைகுறையா பொருந்துற மாதிரி இருக்கிறது தான் மோசம். "ஷி ஃபெயில்ட் டு கால்"னு வந்தா "கூப்பிட முயற்சி பண்ணி தோத்துட்டா"ன்னு படிச்சிட்டு போயிடுவோம், அங்க முயற்சியே இல்ல, அவ கூப்பிடல, அவ்ளோ தான். "ஹி வாஸ் ட்ரைட் ஃபார் மர்டர்"னா கொலை பண்ண முயற்சி பண்ணினான்னு இல்ல, கொலை வழக்குல அவனை கோர்ட்ல விசாரிச்சாங்க. இந்த மாதிரி இடத்துல கதையே மாறிடும், படிக்கிறவருக்கு மாறினதே தெரியாது.

ரெண்டாவது படி: யாரு, எதை

வெர்புக்கு முன்னாடி யாரு அல்லது எது இருக்கு, பின்னாடி எது இருக்குன்னு மட்டும் எடுத்து வச்சுக்கோங்க. "ரன்"னை வச்சே பாக்கலாம். "ஷி ரன்ஸ் எ ஸ்கூல்": ஆள் ஒருத்தர், பின்னாடி ஒரு அமைப்பு, அப்போ நடத்துறாங்க. "ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்": பின்னாடி காய்ச்சல், அப்போ உடம்பு சுடுது. "தி கலர்ஸ் ரன்": துணி துவைக்கிற பேச்சு, சாயம் போகுது. "ஹிஸ் நோஸ் இஸ் ரன்னிங்": மூக்கு ஒழுகுது. "தி காண்ட்ராக்ட் ரன்ஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்": மூணு வருஷத்துக்கு செல்லும். "இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி": பரம்பரையா வருது. "தி புக் ரன்ஸ் டு சிக்ஸ் ஹண்ட்ரட் பேஜஸ்": 600 பக்கம் வரைக்கும் நீளுது.

எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பாத்தா அடியில ஒரே ஒரு சித்திரம் தெரியும், நிக்காம தொடர்ந்து போயிட்டே இருக்கிறது. கால் இருந்தா ஓடுது, தண்ணி மாதிரின்னா ஒழுகுது, ஒப்பந்தம்னா நீடிக்குது, ஸ்கூல்னா நடக்குது. இந்த மையச் சித்திரத்தை ஒவ்வொரு வெர்புக்கும் நீங்களே ஒரு தடவ யோசிச்சு வச்சுக்கிட்டா புது அர்த்தம் வந்தாலும் ஓரளவு ஊகிக்கலாம். "ஹோல்ட்"னா கை விடாம இருக்கிறது, அதனால "தி ஆஃபர் ஸ்டில் ஹோல்ட்ஸ்"னா அந்த ஆஃபர் இன்னும் இருக்கு. "மீட்"னா ரெண்டு பக்கமும் வந்து தொடுறது, அதனால "மீட் தி டெட்லைன்"னா கெடுவுக்குள்ள முடிக்கிறது, "மீட் தி எக்ஸ்பென்சஸ்"னா செலவை ஈடுகட்டுறது. எல்லா இடத்துலயும் இந்த சித்திரம் வேலை செய்யாது, சிலது வெறும் வழக்கம், அங்க மல்லுக்கட்ட வேணாம். எலெக்‌ஷன்ல பிரிட்டன்காரங்க "ஸ்டாண்ட்" பண்றாங்க, அமெரிக்காக்காரங்க "ரன்" பண்றாங்க, ரெண்டும் போட்டியிடுறது தான், இதுக்கு என்ன சித்திரம் தேடுறது.

மூணாவது படி: வெர்புக்கு அப்புறம் என்ன வடிவம்

இந்தப் படி தான் எனக்குப் பிடிச்சது, நிறைய பேர் சொல்லித் தராததும் இது தான், அதனால கொஞ்சம் நின்னு பாக்கலாம். வெர்புக்குப் பின்னாடி வர்ற கிராமர் வடிவமே அர்த்தத்தை முக்கால்வாசி சொல்லிடும்.

பின்னாடி "தட்" வந்தா, முன்னாடி எந்த வெர்ப் இருந்தாலும் சரி, பெரும்பாலும் அது சொல்றது, நினைக்கிறது, தெரிஞ்சுக்கிறது இதுல ஒன்னா தான் இருக்கும். "ஹி ஹோல்ட்ஸ் தட் தி லா இஸ் அன்ஃபேர்"னா கையில எதையும் பிடிக்கல, அந்த சட்டம் நியாயமில்லங்கிறது அவரோட கருத்து. "ஷி மெயின்டெய்ன்ஸ் தட் ஷி வாஸ் அட் ஹோம்"னா வீட்டைப் பராமரிக்கல, வீட்டுல தான் இருந்தேன்னு அடிச்சு சொல்றா. "ஐ கேதர் தட் யூ ஆர் லீவிங்"னா நீங்க கிளம்புறதா கேள்விப்பட்டேன். "ஹி அப்சர்வ்ட் தட் இட் வாஸ் லேட்"னா பல இடத்துல கவனிச்சான்னு இல்ல, நேரமாச்சுன்னு சொன்னான். "ஐ டேக் இட் தட் யூ அக்ரீ"னா நீங்க ஒத்துக்கிறீங்கன்னு வச்சுக்கிறேன். சப்மிட், கிராண்ட், அலவ், வாலன்டியர், ஃபிகர் எல்லாமே "தட்" பின்னாடி வந்தா இந்தக் கூட்டத்துல சேந்துடும். எழுதுறப்ப "தட்"டை விட்டுடவும் செய்வாங்க, "ஐ கேதர் யூ ஆர் லீவிங்"னு, அதனால வெர்புக்கு அப்புறம் ஒரு முழு சென்டென்ஸ் ஓடுதான்னு பாருங்க.

பின்னாடி "டூ"வும் இன்னொரு வெர்பும் வந்தா, முதல் வெர்ப் தன்னோட சொந்த வேலைய விட்டுட்டு அடுத்த வெர்புக்கு சாயம் ஏத்துற வேலைய செய்யும். "ஐ ஹேப்பன்ட் டு சீ ஹிம்"னா தற்செயலா பாத்தேன். "ஐ கேம் டு லைக் தி பிளேஸ்"னா எங்கிருந்தும் வரல, போகப்போக அந்த இடம் பிடிச்சுப் போச்சு. "வி ஸ்டாண்ட் டு லூஸ் எ லாட்"னா நிறைய நஷ்டம் வர வாய்ப்பிருக்கு. "ஐ காட் டு மீட் ஹெர்"னா அவங்களைப் பாக்க வாய்ப்பு கிடைச்சது. "ஷி வென்ட் ஆன் டு பிகம் எ டாக்டர்"னா அதுக்கப்புறம் டாக்டர் ஆனாங்க. நம்மகிட்டயும் "செஞ்சு பாரு"ல பாக்குறது இல்ல, "போட்டு உடைச்சான்"ல போடுறது இல்ல, அதே சங்கதி தான், இங்கிலீஷ்ல இந்த துணை வேலைக்காரன் முன்னாடி வர்றான், நம்மகிட்ட பெரும்பாலும் பின்னாடி.

பின்னாடி ஒரு அட்ஜெக்டிவ் மட்டும் வந்து நின்னா "ஆச்சு" இல்லன்னா "இருக்கு"ன்னு போட்டுப் பாருங்க, பத்துல எட்டு தடவ சரியா வரும். "தி வெல் ரேன் டிரை"னு யாராவது சொன்னா கிணறு வத்திப் போச்சு, "ஹி ஃபெல் சைலன்ட்"னா பேச்சை நிறுத்திட்டான், "ஹெர் ட்ரீம் கேம் ட்ரூ"னா கனவு பலிச்சது, "தி ஹவுஸ் ஸ்டூட் எம்ப்டி"னா வீடு காலியா கிடந்துச்சு. இதுல ஜாஸ்தி ஏமாத்துறது "ப்ரூவ்". "தி ரூமர் ப்ரூவ்ட் ஃபால்ஸ்"னா வதந்தி யாரையும் எதையும் நிரூபிக்கல, கடைசில அது பொய்னு ஆச்சு.

பின்னாடி வெறும் "இட்" வந்து, அந்த "இட்" எதைக் குறிக்குதுன்னு தேடியும் கிடைக்கலன்னா, அது மொத்தமா ஒரே துண்டு, பிரிச்சுப் படிக்காதீங்க. "வி மேட் இட்"னா நேரத்துக்குப் போய் சேந்துட்டோம், இல்லன்னா சாதிச்சுட்டோம், இல்லன்னா பொழைச்சுட்டோம், இடத்தைப் பொறுத்து. "ஹி லாஸ்ட் இட்"னா நிதானம் தப்பிட்டான். "ஐ மீன் இட்"னா விளையாட்டுக்கு சொல்லல. "திஸ் வோண்ட் கட் இட்"னா இது போதாது.

கடைசியா, பின்னாடி எதுவுமே இல்லாம முன்னாடி ஒரு உயிரில்லாத பொருள் மட்டும் இருந்தா? "தி புக் செல்ஸ் வெல்", புத்தகம் நல்லா விக்குது. "தி மில்க் வில் கீப்", பால் கெடாம இருக்கும். அதுலருந்தே "தி நியூஸ் வில் கீப்"னும் ஒன்னு உண்டு, இப்பவே சொல்லணும்னு அவசரமில்ல, அப்புறம் பேசிக்கலாம்னு. "தி சைன் ரீட்ஸ் நோ என்ட்ரி"ன்னா போர்டு எதையும் படிக்கல, போர்டுல அப்படி எழுதியிருக்கு. "எவ்ரி ஓட் கவுன்ட்ஸ்"னா ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பிருக்கு.

நாலாவது படி: எந்த இடத்துல நின்னு பேசுறாங்க

கோர்ட் செய்தின்னா ட்ரை, ஹியர் ரெண்டும் விசாரிக்கிறது, ஃபைண்ட்னா தீர்மானிக்கிறது. "தி கோர்ட் ஃபவுண்ட் ஹிம் கில்டி"ன்னா தேடிக் கண்டுபிடிச்சது இல்ல, குற்றவாளின்னு முடிவு பண்ணுச்சு. "சர்வ்" ரெண்டு பக்கமும் வரும், நோட்டீஸை "சர்வ்" பண்ணா கையில சேர்க்கிறது, சென்டென்ஸை "சர்வ்" பண்ணா தண்டனை அனுபவிக்கிறது. "எக்ஸிக்யூட்" இன்னும் பயங்கரம்: கைதியைன்னா தூக்குல போடுறது மாதிரி மரண தண்டனை நிறைவேத்துறது, உயிலைன்னா முறைப்படி கையெழுத்து போட்டு செல்லுபடியாக்குறது, கம்ப்யூட்டர் புரோகிராமைன்னா ஓட விடுறது.

பணம் பத்தின பேச்சுல "அப்ரிஷியேட்"னா பாராட்டு இல்ல, மதிப்பு ஏறுறது. மருத்துவ ரிப்போர்ட்ல "தி பேஷண்ட் பிரசன்டட் வித் ஃபீவர்"னா யாருக்கும் எதுவும் பரிசு குடுக்கல, காய்ச்சலோட வந்தார். "கான்ட்ராக்ட்"டுக்குப் பின்னாடி நோய் பேர் வந்தா அந்த நோய் தொத்திக்கிச்சு. பேப்பர் தலைப்புகள் தனி உலகம், பத்தி குறுகலானது, இடம் பத்தாது, அதனால குட்டி வெர்பா தேடிப் போடுவாங்க: "ஆக்ஸ்"னா வெட்டிக் குறைக்கிறது இல்லன்னா வேலைய விட்டுத் தூக்குறது, கண்ணைக் குறிக்கிற "ஐ"ன்னா குறி வைக்கிறது, "கிரில்"னா கிடுக்கிப்பிடி விசாரணை, "பேக்"னா ஆதரிக்கிறது. தலைப்பு புரியலன்னா கவலைப்படாம முதல் பாராவுக்குப் போங்க, அங்க அதே விஷயத்தை முழு வார்த்தைல எழுதியிருப்பாங்க.

அஞ்சாவது படி: பெயர்ச்சொல் வெர்ப் வேஷம் போட்டா

இங்கிலீஷ்ல நிறைய பெயர்ச்சொல்லை அப்படியே வெர்பா மாத்திடலாம், விகுதி கூட சேர்க்க வேணாம். உறுப்பு, பிராணி, தொழில் எதுவும் தப்பல. "ஃபுட் தி பில்"னா பில் கட்டுறது, "ஷோல்டர் தி பிளேம்"னா பழிய ஏத்துக்கிறது, "டாக்"னா விடாம பின்தொடர்றது, "வுல்ஃப்"னா அவசர அவசரமா விழுங்குறது, "வெதர் தி கிரைசிஸ்"னா நெருக்கடியைத் தாக்குப்பிடிக்கிறது. "டாக்டர்"க்கு ஒரு கெட்ட அர்த்தம் உண்டு, "தே டாக்டர்ட் தி ரிப்போர்ட்"னா ரிப்போர்ட்ல தில்லுமுல்லு பண்ணிட்டாங்க. "நர்ஸ் எ கிரட்ஜ்"னா வன்மத்தை மனசுக்குள்ள வளர்த்துட்டே இருக்கிறது. இதை ஊகிக்கிற வழி சிம்பிள், அந்தப் பொருளோட இல்லன்னா பிராணியோட பேர் போன குணம் எதுவோ அதை வெர்பா ஆக்கிப் பாருங்க.

ஆறாவது படி: எதிரெதிர் அர்த்தம் உள்ளவை

இதுல விட்டா நேர் தலைகீழா புரிஞ்சுக்குவோம். "சாங்‌ஷன்"னு எடுத்துக்கோங்க, ஒரு திட்டத்தை, கடனை, செயலைன்னா அனுமதிக்கிறது. ஒரு நாட்டை, கம்பெனிய, ஆளைன்னா தடை போட்டு தண்டிக்கிறது. "டஸ்ட்" சாமான் மேலன்னா தூசி தட்டுறது, ஆனா "வித்" போட்டு பவுடர் பேர் வந்தா தூவுறது. "ஓவர்லுக்"னா கவனிக்காம விடுறது, "ஓவர்சீ"ன்னா மேற்பார்வை பாக்குறது, கேட்டா ரெண்டும் ஒன்னு மாதிரி இருக்கும். போதாததுக்கு "தி ரூம் ஓவர்லுக்ஸ் தி சீ"ன்னா ரூம்ல இருந்து பாத்தா கடல் தெரியும்.

"டேபிள்" விஷயத்துல தாய்மொழிக்காரங்களே மோதிக்கிட்டாங்க. பிரிட்டன்ல ஒரு விஷயத்தை "டேபிள்" பண்ணா விவாதத்துக்கு கொண்டு வர்றது, அமெரிக்காவுல விவாதத்தைத் தள்ளி வைக்கிறது. இரண்டாம் உலகப்போர் சமயத்துல ரெண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே மீட்டிங்ல உக்காந்து இந்த ஒரு வார்த்தையால நீளமா வாக்குவாதம் பண்ணதையும், கடைசில பாத்தா ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒன்னு தான்னு தெரிஞ்சதையும் சர்ச்சில் தன்னோட போர் வரலாற்றுல எழுதி வச்சிருக்கார்.

நடுவுல ஒரு சின்ன பொறி

"தே ஃபெல்ட் தி ட்ரீ"ன்னா மரத்தை வெட்டி சாய்ச்சாங்க. "ஃபெல்"னு ஒரு தனி வெர்ப் இருக்கு, அது "ஃபால்" ஓட பாஸ்ட் டென்ஸ் மட்டும் இல்ல. அதே மாதிரி "ஃபவுண்ட்"னா நிறுவுறது, "ஷி ஃபவுண்டட் எ ஸ்கூல்"ல கடைசில இருக்கிற அந்த "எட்"டை கவனிச்சா போதும். "லே" ரெண்டும் தான், வைக்கிறதும் அது தான், "லை"யோட பாஸ்ட் டென்ஸும் அது தான். "வூண்ட்"னு சொன்னா காயப்படுத்துறது, அதே ஸ்பெல்லிங்கை "வவுண்ட்"னு சொன்னா சுத்தினது. ஃப்ரேசல் வெர்ப், அதாவது டேக் ஆஃப், புட் அப் வித் வகையறா, அது தனியா ஒரு கடல், அதை இங்க இழுக்கல.

ஏழாவது படி: டிக்ஷனரியை சரியா பாக்குறது

மொபைல்ல ஒரு வார்த்தையைத் தட்டி முதல்ல வர்ற தமிழ் அர்த்தத்தை எடுக்கிறது இந்த வெர்ப்களுக்கு மட்டும் உதவவே உதவாது. மொழி கத்துக்கிறவங்களுக்குன்னே செஞ்ச இங்கிலீஷ் டிக்ஷனரி எடுங்க. லாங்மேன் 1978-ல வந்தப்பவே விளக்கம் முழுக்க சுமார் 2,000 எளிய வார்த்தைக்குள்ளயே எழுதினாங்க, அதனால விளக்கத்துக்கு விளக்கம் தேட வேண்டியதில்ல. 1987-ல வந்த காலின்ஸ் கோபில்ட் விளக்கத்தையே முழு சென்டென்ஸா எழுதும், வெர்புக்கு முன்னாடி யாரு வருவாங்க, பின்னாடி எது வரும்னு அதுலயே தெரிஞ்சிடும், ரெண்டாவது படிக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

மேல பாத்த என்டர்டெய்னை எடுத்துப் பாருங்க. முன்னாடி கமிட்டி, பின்னாடி அப்பீல், ஆள் இல்ல. டிக்ஷனரில முதல் அர்த்தம் ஆளை மகிழ்விக்கிறது, தள்ளுங்க. அடுத்தது விருந்தாளிய உபசரிக்கிறது, அதுவும் ஆள் தான், தள்ளுங்க. அடுத்தது ஒரு யோசனை, சந்தேகம், நம்பிக்கைன்னு மனசு சம்பந்தப்பட்டதை இடம் குடுத்து யோசிக்கிறது, அப்பீல் இதுல உக்காரும். அப்புறம் ஒரு சோதனை: "கன்சிடர்"னு வேற வெர்பை அதே இடத்துல வச்சுப் படிங்க, "தி கமிட்டி டிக்லைன்ட் டு கன்சிடர் தி அப்பீல்", வழுக்கிட்டு போகுதா, போகுது, முடிஞ்சது. இந்த மாத்தி வச்சுப் பாக்குற சோதனைய மட்டும் விட்டுடாதீங்க. ஸ்டாண்டுக்கு டாலரேட், மெயின்டெய்னுக்கு இன்சிஸ்ட், கவுன்ட்டுக்கு மேட்டர்னு பெரும்பாலும் ஒரு ஜோடி கிடைக்கும்.

எட்டாவது படி: நோட்டுல எழுதுறதும் வாயில வர்றதும்

"ஸ்டாண்ட் = பொறுத்துக்கொள்"னு எழுதாதீங்க, ரெண்டு வாரத்துல எதுக்கு எழுதினோம்னே மறந்துடும். "காண்ட் ஸ்டாண்ட் + ஆள் அல்லது பழக்கம்"னு துண்டா எழுதி, கீழ நீங்க படிச்ச அந்த சென்டென்ஸையே போடுங்க. இந்த அர்த்தத்துல "ஸ்டாண்ட்" கிட்டத்தட்ட எப்பவும் "காண்ட்" கூடவே தான் வரும், "ஐ ஸ்டாண்ட் ஹிம்"னு யாரும் சொல்றதில்ல, துண்டா எழுதினா இந்தத் தகவலும் சேந்தே வந்துடும். ஒரே வெர்போட பத்து அர்த்தத்தை ஒரே நாள்ல எழுதுறதும் வேணாம், ஒன்னோட ஒன்னு கலந்துடும், படிக்கிறப்ப வர வர ஒவ்வொன்னா சேருங்க.

பேசுறதுக்கு அவசரப்படாதீங்க, ஏன்னா ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு தொனி இருக்கு. "ஐ சப்மிட் தட்" கோர்ட் வாசனை அடிக்கும், ஃப்ரெண்ட் கிட்ட சொன்னா கிண்டல் மாதிரி இருக்கும், "ஹி லாஸ்ட் இட்"டை ஆபீஸ் ரிப்போர்ட்ல எழுதுனா சிரிப்பாங்க. ரெண்டு மூணு வேற வேற இடத்துல பாத்தப்புறம் வாயில எடுங்க. ஒன்னு மட்டும் முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது: "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்"னு கேட்டா "மைண்ட்"னா ஆட்சேபிக்கிறது, அதனால தாராளமா உக்காருங்கன்னு சொல்ல "நோ"ன்னு தான் சொல்லணும், நாம மரியாதையா "யெஸ்"னு சொன்னா அவர் முகம் சுருங்கி நகர்ந்துடுவார்.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா ஸ்டாண்ட், ஹோல்ட், ஃபைண்ட், டெல், மீட், கீப். அளவா அர்த்தம் இருக்கு, அடிக்கடி கண்ணுல படும். "ஐ காண்ட் டெல் தெம் அபார்ட்"டுல "டெல்" ஏன் சொல்றது இல்லன்னு நீங்களே மேல சொன்ன படிகளை வச்சுப் பிடிச்சுப் பாருங்க, பின்னாடி "அபார்ட்" இருக்கு, முன்னாடி "காண்ட்" இருக்கு, ரெண்டு பேருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலன்னு வந்துடும். ரன், செட், டேக் மூணையும் இப்போதைக்கு உக்காந்து படிக்காதீங்க, எதிர்ல வர்றப்ப மட்டும் ஒரு கை பாத்துக்கலாம்.